தீ போடுகிறவர்

போன மாதம் என் மகளுக்குக் காது குத்தினோம். ஒரு வயதிலேயே செய்திருக்க வேண்டியது. புண்ணாகிவிடுமோ, சளி பிடித்திருக்கிறதே, மழைக்காலமாயிற்றே என்று நான் தள்ளிப் போட்டதில் அவளுக்கு ஐந்து வயதாகிவிட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால் என் தம்பி சென்னையிலிருந்து லீவு போட்டு வந்திருந்தான். ஆசாரி கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் அதைக் கவனிக்கவே இல்லை. அவளைச் சுற்றிப் பிடித்திருந்த தம்பியின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கிப் பளபளவென்று இருக்கும்.

"இது என்ன மாமா?"

"சின்னதுல சுடுதண்ணி பட்டுருச்சு கண்ணு."

"யாரு ஊத்தினாங்க?"

தம்பி என்னைப் பார்த்தான். யாரும் ஊற்றவில்லை, பார்த்துக்கொள்ள வேண்டியவர் பார்க்கவில்லை என்றேன்.

"அப்ப அவங்க நரகத்துக்குப் போவாங்களா?"

நரகத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது பள்ளியில் பக்கத்தில் உட்காரும் பெண். போக மாட்டாங்க என்று அவசரமாகச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். அதற்குள் ஆசாரி காதைப் பிடித்துவிட்டார். அழுகையில் கேள்வி போய்விட்டது.

அவளுக்குத்தான் போயிற்று. நான் அன்றிலிருந்து பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இதைக் குழந்தைகளிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று போனில்கூடத் தேடிப் பார்த்தேன். கடவுள் நல்லவர் என்றால் நரகம் எதற்கு என்று பெரிய பெரிய படிப்பாளிகளே ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். எதைப் படித்தாலும் சரி என்றுதான் தோன்றியது. அடுத்ததைப் படித்தால் முன்னது தவறாகத் தெரிந்தது. அவள் வயதுக்கு நாலு வயது கூட இருந்தபோது நானும் இதே கேள்வியில் மாட்டிக்கொண்டேன். அப்போது நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பார்த்துக்கொள்ள வேண்டியவர் என் தாய்மாமன். அம்மாவின் ஒரே தம்பி.

அப்போது நாங்கள் கோத்தகிரிக்குக் கீழே ஒரு சின்ன டீ ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு அந்த ஃபேக்டரியில் தீ போடுகிற வேலை. கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்க வைத்து, கடைசியில் டிரையரில் சூட்டுக்காற்று விட்டுக் காய வைப்பார்கள். அந்தக் காற்றுக்குச் சூடு தருகிற அடுப்பு ஃபேக்டரிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்தது. எங்கள் சமையலறையைவிடப் பெரிய அடுப்பு. அதன் இரும்புக் கதவைத் திறந்து விறகு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சூடு கூடினால் தூள் கருகும், குறைந்தால் ஈரத்தோடு வெளியே வந்துவிடும். அப்பா அடுப்பின் சத்தத்தை வைத்தே சூடு சொல்லிவிடுவார் என்பார்கள். தூள் தயாரிப்புக்கெல்லாம் பொறுப்பான மேக்கர் ஐயா யாரையும் லேசில் பாராட்ட மாட்டார். அவரே அப்பாவைப் போலத் தீ போட நீலகிரியில் ஆளில்லை என்று சொன்னதுண்டு. ஞாயிற்றுக்கிழமை கொழுந்து வராது. அதனால் சனிக்கிழமை சாயந்திரமே அப்பா தீயை இறக்கிவிடுவார். எனக்குத் தெரிந்த நெருப்பு வாரத்துக்கு ஒருநாள் லீவு எடுக்கும்.

மாமா எங்களோடுதான் இருந்தார். கொழுந்து லாரியில் மூட்டை ஏற்றுவார், விறகு பிளப்பார், வேலை இல்லாத நாளில் என் தலையைப் பின்னிவிடுவார். அம்மாவைவிட நன்றாகப் பின்னுவார். கருவாடு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அப்பாவுக்கோ கருவாட்டு வாசமே ஆகாது. அம்மா கருவாடு வறுக்கிற நாளில் அப்பா தட்டை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போய்விடுவார். "என்னுங்க மச்சான், கோவிலுக்கு நேந்துக்கிட்டீங்களா?" என்று மாமா உள்ளிருந்து கேட்பார். அப்பா திரும்பாமலே, "உன்ற வாசம் பழகிப்போச்சு, இதுதான் பழகமாட்டேங்குது," என்பார்.

மாமா குடிப்பார். குடித்தால் சண்டை போட மாட்டார், படுத்துத் தூங்கிவிடுவார். அதனால் அது பெரிய விஷயமாக இல்லை, பங்குனி மாதத்தில் அந்த நாள் வரும் வரை. அன்று அம்மா பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளப் போயிருந்தாள். அப்பா ஷிஃப்டில், நான் பள்ளிக்கூடத்தில். தம்பிக்கு ஒன்றரை வயது. மாமா அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிக்க வெந்நீர் வைத்து இறக்கிவிட்டு, கொஞ்சம் குடித்துவிட்டு, பானைக்குப் பக்கத்திலேயே தூங்கிப்போனார். தம்பி பானையைப் பிடித்து நின்றிருக்கிறான்.

அம்மாவும் தம்பியும் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார்கள். வீட்டுக்கு வந்த அன்று மாமா வாசலில் உட்கார்ந்திருந்தார். அம்மா அவரைத் தாண்டி உள்ளே போய்த் தம்பியைப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தாள். இனி இந்த வாசலில் கால் வைத்தால் நான் உனக்கு அக்கா இல்லை என்றாள். அவர் எழுந்து போகும்வரை கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அதற்குப் பிறகு யார் மாமாவைப் பற்றி விசாரித்தாலும் அவளுக்கு ஒரே பதில்தான்.

"அவன் நரகத்துல கெடந்து வேகோணும்."

தண்ணீர் பிடிக்கிற இடத்தில், ரேஷன் கடையில், தோட்டத்தில் என்று எல்லா இடத்திலும் சொன்னாள். கத்திச் சொல்ல மாட்டாள். நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொல்வாள். மாமா எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. கீழே மேட்டுப்பாளையத்தில் இருக்கிறார் என்றார்கள்.

மே மாதம் வந்தது. எங்கள் லைனுக்கு மேலே இரண்டு வளைவு தாண்டி ஒரு சின்ன சர்ச் இருந்தது. மே மாத லீவில் பத்து நாள் குழந்தைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லித் தருவார்கள், பிஸ்கட்டும் உண்டு. எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடானாலும் லைனில் இருந்த குழந்தைகளெல்லாம் போவோம். லீவில் வீட்டில் இருந்து உயிரை வாங்காமல் இருந்தால் போதும் என்று எல்லா அம்மாக்களும் அனுப்பிவைத்தார்கள்.

அங்கே பாடம் எடுத்த அக்கா காலேஜில் படிப்பவர். மெல்லிய குரல். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஒரு படத்தைச் சுவரில் மாட்டினார். ஒரு பக்கம் வெளிச்சம், இன்னொரு பக்கம் நெருப்பு. நெருப்புக்குள் கைகளைத் தூக்கியபடி மனிதர்கள். அது ஒருநாளும் அணையாத நெருப்பு என்றார் அக்கா. பொய் சொல்கிறவர்கள், குடிக்கிறவர்கள், திருந்தாதவர்கள் என்று யார் யார் அங்கே போவார்கள் என்றும் சொன்னார்.

நான் கை தூக்கினேன். "அக்கா, அங்க வெறகு யாருங்க போடுவாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அங்கே விறகு வேண்டாம், அது தானாக எரியும் என்றார். நான் நம்பவில்லை. தீ போடுகிறவரின் பெண்ணிடம் அதைச் சொன்னால் எப்படி? எனக்குப் பக்கத்தில் இருந்தவள், "கரண்டு அடுப்பா இருக்கும்டி," என்றாள். பின்னாலிருந்து ஒருத்தி, "கரண்டு போயிருச்சுன்னா?" என்று கேட்டாள். எங்கள் பக்கம் தினமும் இரண்டு தடவை கரண்டு போகும். மறுபடி எல்லோரும் சிரித்தார்கள்.

எத்தனை நாளைக்கு அங்கே இருக்க வேண்டும் என்று கேட்டேன். முடிவே இல்லை என்றார். ஞாயிற்றுக்கிழமையுமா என்றேன். அக்கா கொஞ்சம் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமையும்தான் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, கடவுள் ரொம்ப நல்லவர், அங்கே ஒருத்தர்கூடப் போகக் கூடாது என்றுதான் அவருக்கு ஆசை என்றார்.

"அப்ப அணைச்சுட வேண்டியதுதானுங்களே அக்கா?"

இதற்கு நாளைக்குச் சொல்கிறேன் என்றார். மறுநாள் மறக்காமல் என்னைக் கூப்பிட்டு, போதகர் ஐயாவிடம் கேட்டேன், அவரும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னார். இன்று நினைத்தால் அந்த அக்கா மேல் மரியாதையாக இருக்கிறது. நானாக இருந்தால் ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிச் சமாளித்திருப்பேன்.

எனக்கு ஆதாரம் வேறு இடத்தில் கிடைத்தது. மாரியம்மன் நோன்பித் திருவிழாக் கடையில் அம்மா வாங்கி வைத்திருந்த படப் புத்தகம் ஒன்று சாமி அலமாரியில் இருந்தது. அதில் எமலோகம் இருக்கும். எண்ணெய்க் கொப்பரைக்குள் ஆட்கள், கொப்பரைக்கு அடியில் நெருப்பு, அந்த நெருப்புக்கு விறகு தள்ளிக்கொண்டு மீசை வைத்த ஒருவர். எனக்கு அது போதுமாக இருந்தது. அக்காவுக்குத் தெரியவில்லை, ஆள் போட்டிருக்கிறார்கள்.

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஆள் என்றால் எப்படிப்பட்ட ஆள் என்று அடுத்த யோசனை வந்தது. தண்டனைக்கு வந்தவனை நம்பி அடுப்பைக் கொடுக்க மாட்டார்கள், அவன் தீயை அணைத்துவிட்டு ஓடிவிடுவான். பொறுப்பான, தூங்காத, குடிக்காத ஆளாகத்தான் வைப்பார்கள். நல்லவராகப் பார்த்துத்தான் வைப்பார்கள். நீலகிரியிலேயே நன்றாகத் தீ போடுகிறவர் யார் என்பது எனக்குத் தெரியும்.

அன்று சாயந்திரம் கை கால் கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் போய் நின்றேன். "ஏனுங்கப்பா, நரகத்துல தீ போடறவரு நல்லவருங்களா, கெட்டவருங்களா?"

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே, "ஷிஃப்டு எத்தன மணி நேரமாம்?" என்று கேட்டார்.

"எப்பவுமேங்க. லீவே இல்லீங்க."

"அப்ப பாவம் அம்மிணி அந்தாளு."

"உட்டுட்டு வந்துட்டா?"

"உட்டுட்டு வந்தா தணிஞ்சுரும்," என்றார் அப்பா. அவர் அடுப்பைப் பற்றித்தான் சொன்னார்.

அந்த மே மாதம் கொழுந்து மலைமலையாக வந்தது. ரஷ் சீசன். மதியச் சாப்பாட்டை நான்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அம்மா பரண்மேல் இருந்த நாலடுக்குக் கேரியரை இறக்கியிருந்தாள். அதற்குமுன் அப்பாவுக்கு இரண்டடுக்குக் கேரியர்தான். ரஷ்ஷில் வேலை ஜாஸ்தி, பசிக்கும் என்றாள். நாலடுக்கையும் தூக்கிக்கொண்டு இறக்கத்தில் நடந்தால் பாதி வழியிலேயே கை வலிக்கும், மாற்றி மாற்றிப் பிடித்துக்கொள்வேன். லைனின் கடைசி வீட்டில் ஒரு செவலை நாய் இருந்தது. மேலடுக்கிலிருந்து வருகிற கருவாட்டு வாசத்துக்கு அது தினமும் ஃபேக்டரி கேட் வரை என் பின்னாலேயே வரும். நான் அதைத் திட்டிக்கொண்டே போவேன். கொட்டகை வாசலில் நின்று கூப்பிட்டால் அப்பா வெளியே வந்து வாங்கிக்கொள்வார். உள்ளே அனல், நீ வராதே என்பார். என் எதிரில் ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

ஒருநாள் நல்ல மழை. கொட்டகை வாசலில் நின்று மூன்று தடவை கூப்பிட்டேன். தகரத்தின்மேல் மழை விழுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கேரியரை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன்.

அடுப்புக் கதவு முழுதாகத் திறந்திருந்தது. அதன் முன்னால் மாமா முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டை இல்லை. உடம்பெல்லாம் கரி. நீளக் கம்பியால் நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் அப்பா ஒரு விறகுக் கட்டையோடு நின்றார். கட்டையை மாமாவிடம் நீட்டினார். மாமா வாங்கி உள்ளே தள்ளினார். நெருப்பு அவர் முகம் வரை வந்து போனது. அப்பா ஏதோ சொல்லிவிட்டுச் சூடு பார்க்க டிரையர் பக்கம் உள்ளே போனார்.

அப்போது நான் நினைத்தது இதுதான். அம்மா சொன்னது நடந்துவிட்டது. மாமாவை இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். வேலையை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இதைப் படிக்கிறவர்கள், ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அது டீ ஃபேக்டரி என்றுகூடவா தெரியாது என்று நினைக்கலாம். தெரியும். அது டீ ஃபேக்டரி என்றும் தெரியும், நரகம் என்றும் தெரியும். அந்த வயதில் இரண்டும் ஒன்றையொன்று இடிக்கவில்லை.

சுவரில் சிவப்புப் பெயின்ட் அடித்த தீயணைப்பு வாளிகள் மாட்டியிருக்கும். ஒன்று கீழே இறக்கி வைத்திருந்தது, பாதித் தண்ணீரோடு. அக்கா சொன்ன அந்த நல்லவர் ஏன் செய்யவில்லை என்று தெரியாத காரியத்தை நான் செய்யப்போனேன். வாளியை இழுத்துக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் போனேன்.

மாமா திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார். "அடடே, அம்மிணி! எப்படி வந்தே? சடை யாரு போட்டா, கோணலா இருக்குது?"

"நவுருங்க மாமா," என்றேன்.

வாளியைத் தூக்கி உள்ளே வீசினேன். எனக்கு நினைவிருப்பது பெரிய சத்தம், வெள்ளையாக எதிரே வந்த ஆவி, என் கவுனை யாரோ பின்னாலிருந்து இழுத்தது. அடுத்து நான் மாமாவின் கக்கத்தில் இருந்தேன். கொட்டகைக்குப் பக்கவாட்டில் அடுக்கி வைத்திருந்த விறகுக்குப் பின்னால் என்னை இறக்கிவிட்டு, கை காலெல்லாம் தடவிப் பார்த்தார். எனக்கு ஒன்றும் இல்லை. அவருடைய புருவம் இரண்டும் கருகியிருந்தன.

"வாயத் தொறக்கப்படாது. நீ வரவே இல்ல. என்ன?" என்றார். உள்ளே போய்விட்டார்.

விறகுச் சந்து வழியாக எல்லாம் கேட்டது. மேக்கர் ஐயா ஓடி வந்தார். அடுப்பின் இரும்புக் கம்பிகள் இரண்டு வெடித்திருந்தன. சூடு இறங்கி, டிரையரில் ஓடிக்கொண்டிருந்த தூள் முழுக்கப் புகை வாசத்தோடு ஈரமாக வந்துகொண்டிருந்தது.

"யாருய்யா தண்ணி ஊத்துனது?"

"நான்தானுங்க. வாளி கை தவறிருச்சுங்க."

"நீ யாருய்யா மொதல்ல?"

அப்பாவின் குரல் கேட்டது. "என்ற மச்சினனுங்க."

"செக்ரோல் நோட்டுல பேரில்லாத ஆள அடுப்புகிட்ட விட்டிருக்கியா? நீயா?"

எத்தனை நாளாக இது நடக்கிறது என்று கேட்டார் மேக்கர் ஐயா. மூன்று வாரமாக, இங்கே விறகுக்குப் பின்னால்தான் தங்கியிருக்கிறான், ஒருநாள்கூடக் குடிக்கவில்லை என்றார் அப்பா. அதை நான் கேட்கவில்லை என்றார் மேக்கர் ஐயா. அப்பாவுக்கு ஒரு வாரம் வேலை இல்லை என்றும், அந்த ஆள் இந்த நிமிஷமே கேட்டுக்கு வெளியே போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மாமா மழையிலேயே கிளம்பினார். விறகு அடுக்கைத் தாண்டும்போது என் பக்கம் பார்க்காமல், ஒரு விரலை மட்டும் உதட்டில் வைத்துக் காட்டிவிட்டுப் போனார். அப்பா கொட்டகை வாசலுக்கு வந்தார். படியில் இருந்த கேரியரைப் பார்த்தார். பிறகு விறகு அடுக்கைப் பார்த்தார். குனிந்து கேரியரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் போனதும் நான் வீட்டுக்கு ஓடினேன். ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயந்திரம் அப்பா கேரியரைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தார். சோறு வீணானால் எங்கள் வீட்டில் பெரிய சண்டை நடக்கும். அம்மா நாலடுக்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தாள். திட்டவில்லை.

"அடுப்புல தண்ணியக் கொட்டிட்டான். மேக்கர் தொரத்திட்டாரு," என்றார் அப்பா.

யார் என்று அம்மா கேட்கவில்லை.

"குடிச்சிருந்தானுங்களா?"

"இல்ல."

"அப்பறம் எப்படிக் கொட்டினான்?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தம்பியின் கைக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று தெரிந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்று மாமா சொல்லியிருந்தார். சொல்லாமல் இருப்பதும் பொய்தான், பொய் சொல்கிறவர்களும் அந்த நெருப்புக்குத்தான் போவார்கள் என்பதும் தெரிந்தது. இரண்டையும் யோசித்தேன். போனால் போகிறது, அங்கே அப்பாதானே இருக்கப்போகிறார், எனக்கு மட்டும் தணிவாகப் போடுவார் என்று முடிவு செய்துகொண்டேன்.

"கை தவறிருச்சாம்," என்றார் அப்பா.

"அவனுக்கு எப்பவுமே கை தவறும்," என்றாள் அம்மா. மேலடுக்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கருவாட்டை நாய்க்குக் கொட்டினாள். உள்ளே வந்து நாலடுக்கையும் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

மாமா அதற்குப் பிறகு மலை ஏறவில்லை. நான் பெரியவளானபோது தாய்மாமன் செய்ய வேண்டியதை வேறு ஒரு உறவினர் செய்தார். என் கல்யாணத்துக்கும் அப்படித்தான். மூன்று வருடத்துக்குமுன் திருப்பூரில் இறந்துபோனார், குடியால் என்றார்கள். அம்மா போய்விட்டு வந்தாள். அப்பா ஒருதரம், பேச்சோடு பேச்சாக, அந்த மே மாசம் முழுக்க அவன் தொடவே இல்லை என்றார். ஒரு மாதம் முழுதாகக் காட்டிவிட்டு அவரை வீட்டுக்குக் கூட்டிவர அப்பா நினைத்திருந்தாரோ என்னவோ. நான் கேட்கவில்லை. கேட்டால் வாளியைப் பற்றிப் பேச வேண்டி வரும். எனக்கு இப்போது முப்பத்து மூன்று வயது. அம்மாவிடம் சொல்லிவிடலாமா என்று போனை எடுக்கிறேன். இனிமேல் சொல்லி யாருக்கு என்ன பிரயோஜனம், அம்மாவுக்கு இன்னும் கஷ்டமாகத்தானே இருக்கும் என்று வைத்துவிடுகிறேன். அது அம்மாவுக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை.

காது குத்து முடிந்த அடுத்த வாரம் என் கணவருக்கு மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தேன். அவர் கத்தரிக்காய் தொட மாட்டார். அதனால் வாணலியில் கத்தரிக்காய் இருந்தாலும் என் கை தானாகவே அதை விட்டுவிட்டு வேறு எதையோ எடுத்து வைத்தது. அப்படியே நின்றுவிட்டேன். அப்பா கருவாடு தொட மாட்டார் என்பது அப்போதே எனக்குத் தெரியும். தினமும் நான் கருவாடு கொண்டுபோனதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இருபத்து நாலு வருடம் ஆகியிருக்கிறது. நரகத்தில் வேக வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த அதே மே மாதத்தில், அம்மா தினமும் காலையில் கருவாடு வறுத்து மேலடுக்கில் வைத்து என் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறாள். இதை மகளுக்குப் பதிலாகச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால், அப்ப வீட்டுக்குள்ளயே கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பாள். கேட்பாள் என்று நன்றாகத் தெரியும்.

மேக்கர் ஐயா வேலை இல்லை என்று சொன்ன அந்த ஒரு வாரம் முடிந்து திங்கட்கிழமை அப்பா வேலைக்குப் போனார். மதியம் அம்மா பழைய இரண்டடுக்குக் கேரியரை என் கையில் கொடுத்தாள். நாலடுக்கு துடைத்துப் பரண்மேல் கவிழ்த்து வைத்திருந்தது. செவலை நாய் வழக்கம்போல எழுந்து வந்தது. தண்ணீர்க் குழாய் வரை கூடவே வந்து, கேரியரை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. ரஷ் முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். கேரியர் லேசாக இருந்தது. ஒரு கையால் வீசிக்கொண்டே இறக்கத்தில் ஓடினேன். கை வலிக்கவே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.